இருபதில் ஒருவரா, ஏழில் ஒருவரா?

மனநலம் பற்றிய பயிற்சிகளுக்குப் போய்வரும் நாம் ஒவ்வொரு முறையும் ஓர் எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்புகிறோம். 'இந்தியாவில் ஏழில் ஒருவருக்கு மனநலப் பாதிப்பு' என்பார் ஒரு கருத்தாளர். 'பத்தில் ஒருவருக்கு' என்பார் அடுத்தவர். செய்தித்தாளில் 'இருபதில் ஒருவருக்கு மனச்சோர்வு' என்று வந்திருக்கும். சென்னை ஆய்வைப் படித்தவர் 'நூற்றுக்குப் பதினைந்து பேர்' என்று சொல்லிவிட்டுப் போவார். கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களில் பாதிப்பேர், ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்களே என்று நோட்டை மூடிவிடுகிறார்கள்.

நான் காஞ்சிபுரத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணிதம் நடத்துகிறேன். பத்தாம் வகுப்புக்குப் புள்ளியியலும் நிகழ்தகவும் என் பாடங்கள். அதனால் இந்த எண்களை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை, எடுத்துவைத்துப் பார்த்தேன். நான்குமே சரியான எண்கள்தாம். நான்கும் நான்கு வெவ்வேறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகள். கேள்வியை விட்டுவிட்டு விடையை மட்டும் மேடையில் சொல்வதால்தான் குழப்பம்.

'ஏழில் ஒருவர்' என்பது, 2017ஆம் ஆண்டுக்கு இந்திய மாநிலங்கள் வாரியாகச் செய்யப்பட்டு, லான்செட் குழும மருத்துவ இதழில் வெளியான மதிப்பீடு. சுமார் 19 கோடியே 70 லட்சம் பேர். ஆனால் அதில் எல்லா வகை மனநலப் பாதிப்புகளும் அடக்கம்: பதற்றக் கோளாறு, மனச்சிதைவு, குழந்தைகளின் அறிவுசார் வளர்ச்சிக் குறைபாடு உட்பட. மனச்சோர்வை மட்டும் தனியே எடுத்தால் சுமார் 4 கோடியே 57 லட்சம் பேர். எல்லா வயதினரையும் சேர்த்து நூற்றுக்கு 3.3, அதாவது முப்பதில் ஒருவர். மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படும் மாநிலங்களின் வரிசையில் தமிழ்நாடும் இருந்தது.

'பத்தில் ஒருவர்' வருவது 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பிலிருந்து. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடுவீடாகச் சென்று, ஏறத்தாழ 35,000 பெரியவர்களிடம் நேரில் பேசி எடுத்த கணக்கு அது. கணக்கெடுத்த காலத்தில் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்பில் இருந்தவர்கள் நூற்றுக்கு 10.6 பேர். மனச்சோர்வு மட்டும் 2.7. வாழ்நாளில் எப்போதாவது ஒருமுறையேனும் மனச்சோர்வு வந்தவர்கள் 5.2. இந்த 5.2தான் 'இருபதில் ஒருவர்' ஆகிறது. உலக சுகாதார நிறுவனமும் 2023இல் பெரியவர்களில் நூற்றுக்கு 5 பேர் என்று சொன்னது. அதுவும் இருபதில் ஒருவர்தான். ஆனால் அது வாழ்நாள் கணக்கு இல்லை. உருவத்தில் ஒரே எண், பொருளில் வேறு. வகுப்பில் அலகு எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு நாம் அரை மதிப்பெண் குறைப்பது இதனால்தான்.

இனி அந்தச் சென்னைக் கணக்கு. சர்க்கரை நோயைப் பற்றிச் சென்னையில் நடந்த ஒரு பெரிய ஆய்வின் பகுதியாக, 25,455 பெரியவர்களிடம் மனச்சோர்வுக்கான வினாப்பட்டியல் கொடுக்கப்பட்டது. முடிவுகள் 2009இல் வெளியாயின. நூற்றுக்கு 15.1 பேருக்கு மனச்சோர்வு. பெண்களில் 16.3, ஆண்களில் 13.9. வருமானம் குறைந்தவர்களிடம் 19.3, வருமானம் கூடியவர்களிடம் 5.9.

2.7 எங்கே, 15.1 எங்கே? ஐந்து மடங்குக்கு மேல் வித்தியாசம். இதை எங்கள் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது எளிது. பட்டுச் சேலை வாங்க வருபவர் சரிகை அசலா என்று பார்க்க, நகத்தால் ஓர் இழையைச் சுரண்டுவார். உள்ளே சிவப்புப் பட்டு இழை தெரிந்தால் திருப்தி. அதே சரிகையைப் பரிசோதனைக் கூடத்தில் கதிர் இயந்திரத்தில் வைத்தால் வெள்ளி எத்தனை விழுக்காடு, தங்கம் எத்தனை என்று எண்ணாகவே சொல்லிவிடும். சுரண்டிப் பார்ப்பது தவறில்லை. அது முதல் சோதனை. சந்தேகப்பட வேண்டியதை எடுத்துத் தனியே வைக்க உதவும். முடிவு சொல்வது இயந்திரம். சென்னை ஆய்வின் வினாப்பட்டியல் முதல் வகை. யாரையும் தவறவிடக் கூடாது என்பதற்காகச் சல்லடைக் கண்ணைச் சற்றுப் பெரிதாக வைத்திருக்கும் ஏற்பாடு. கணவனை அண்மையில் இழந்து வருந்துபவரும் கடன் நெருக்கடியில் தூக்கமில்லாதவரும் அதில் விழுவார்கள். நிம்ஹான்ஸ் பயன்படுத்தியது மருத்துவ வரையறையை ஒட்டிய நேர்காணல். எத்தனை அறிகுறிகள், எத்தனை நாளாக, வேலையும் வீடும் எவ்வளவு பாதித்தன என்று படிப்படியாகக் கேட்டுத்தான் 'ஆம்' என்று எழுதும்.

நிம்ஹான்ஸ் எண் உண்மையைவிடக் குறைவாக இருக்கவும் காரணம் உண்டு. வாசலில் வந்து நிற்கும் முன்பின் தெரியாதவரிடம், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, 'எனக்கு உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை' என்று எத்தனை பெண்கள் சொல்வார்கள்? எனவே 2.7ஐக் கீழ் எல்லையாகவும் 15.1ஐ, கவனித்துக் கேட்க வேண்டியவர்களின் அளவாகவும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 'மன அழுத்தம்' என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் இரண்டுக்கும் போடுகின்றன: பொதுத்தேர்வு நேரத்து நெருக்கடிக்கும் அதே சொல், மருந்து தேவைப்படும் நோய்க்கும் அதே சொல். நோய்க்கு 'மனச்சோர்வு' என்ற சொல் இருக்கிறது, ஆனால் அது பேச்சில் இல்லை. மக்கள் பேசும் சொற்கள் வேறு. 'அசதியா இருக்கு', 'நெஞ்சு பாரமா இருக்கு', 'ஒண்ணுத்துலயும் மனசு ஓட மாட்டேங்குது'. சென்னை ஆய்வில் மிகுதியாகச் சொல்லப்பட்ட அறிகுறி மனம் சோர்ந்திருப்பது, 30.8 விழுக்காடு. அதற்கு அடுத்தது களைப்பு, 30.0. கிட்டத்தட்ட சரிக்குச் சரி. ஆகவே நம்மிடம் வரும் பெற்றோர் மனத்தைப் பற்றிப் பேசுவார்கள் என்று காத்திருந்தால், பாதிப்பேரைத் தவறவிடுவோம். அவர்கள் உடம்பைப் பற்றித்தான் பேசுவார்கள்.

இந்த விழுக்காடுகளை ஊருக்குள் கொண்டுவந்து பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அன்றைய காஞ்சிபுரம் நகராட்சிக்குள் சுமார் 1,64,000 பேர். பத்தில் ஏழு பேர் பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டால் 1,15,000. அதில் 2.7 விழுக்காடு என்பது 3,100 பேர். இது பெருக்கல் கணக்குதான், யாரும் தெருத்தெருவாக எண்ணியது இல்லை. ஆனாலும் கீழ் எல்லையே இவ்வளவு.

இன்னும் நெருக்கமாக, ஒரு வகுப்பறைக்குள் வருவோம். 40 பிள்ளைகள், 80 பெற்றோர். ஒருவருக்கு மனச்சோர்வு இல்லாமல் இருக்க நிகழ்தகவு 0.973. எண்பது பேரில் ஒருவருக்குமே இல்லாமல் இருக்க, 0.973ஐ எண்பது முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.11. அதாவது பத்து வகுப்புகளை எடுத்தால் ஒன்பது வகுப்புகளில், குறைந்தது ஒரு பிள்ளையின் அம்மாவோ அப்பாவோ இன்று மனச்சோர்வில் இருக்கிறார். (கணவன் மனைவி இருவரின் நிலையும் ஒன்றையொன்று சாராதவை என்று இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் அது உண்மையாக இருக்காது என்பதைக் கணித ஆசிரியர்கள் கவனித்திருப்பீர்கள். தோராயத்துக்கு இது போதும்.) அந்தக் கணக்கெடுப்பில் மனச்சோர்வு கூடுதலாகத் தெரிந்தது பெண்களிடமும், 40 முதல் 49 வயது வரை உள்ளவர்களிடமும், பெருநகரவாசிகளிடமும். உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுடைய பெற்றோரில் பலர் அந்த வயதுக்காரர்கள்தாம்.

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி திங்கட்கிழமைகளில் வராமல் இருந்தாள். பிறகு செவ்வாயும் வரவில்லை. வரச் சொல்லியதன் பேரில் அவளுடைய அம்மா வந்தார். கணவர் தறிக்காரர், கோர்வைச் சேலை நெய்பவர்.

"உடம்புல ஒண்ணும் இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாரு டீச்சர். சக்கரை பாத்தாச்சு, பிரஷர் பாத்தாச்சு. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கெல்லாம் முழிச்சிக்கினு உக்காந்துனு இருக்காரு. விடிஞ்சா தறிக்குழியில கால வெக்கவே மாட்டேங்குறாரு."

எத்தனை நாளாக என்று கேட்டேன். "கார்த்திகையில ஆரம்பிச்சது" என்றார். அவர் வந்தது மாசி மாதம்.

கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வெவ்வேறு நிறம். மூன்று நாடா ஓட வேண்டும். நெய்பவர் ஒருவர், கரைப் பக்கம் நாடாவைத் தள்ளித் தர இன்னொருவர் என்று இருவர் தறியில் இருந்தால்தான் வேலை நடக்கும். பெரும்பாலான வீடுகளில் அந்த இன்னொருவர் மனைவி. இழை எண்ணிக்கை ஓரிடத்தில் தவறினால் கரை சேருமிடத்தில் அது கடைசிவரை தெரியும். மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று கவனம் நிற்காமை. கவனம் நிற்காத நெசவாளிக்கு ஒரு முழம் நெய்வதும் மலையாகிவிடும். கூலியோ சேலைக் கணக்கு. அவர் உட்காராவிட்டால் மனைவிக்கும் தறியில் வேலை இல்லை. வீட்டில் இரண்டு பேருடைய வருமானம் ஒரே நாளில் நிற்கிறது. முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. அம்மா வெளி வேலைக்குப் போகிறார், தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்கா வீட்டில் இருக்கிறாள். நம் வருகைப் பதிவேட்டில் அது ஒரு பூஜ்யமாகத் தெரிகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தறிக்குழியில் ஈரம் ஊறி வேலை மந்தப்படும் காலம் இதற்கு முன்னாலேயே அந்த வீட்டைத் தட்டியிருக்கும்.

வறுமையால் மனச்சோர்வா, மனச்சோர்வால் வறுமையா என்று கேட்டால், இரண்டு பக்கமும் ஓடும் என்பதுதான் பதில். சென்னை ஆய்வின் 19.3க்கும் 5.9க்கும் இடையில் இருக்கும் தூரத்தை எங்கள் தெருக்களில் நடந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் 5.9 என்பதும் பூஜ்யம் இல்லை என்பதைச் சேர்த்தே சொல்ல வேண்டும். வசதி இருப்பவருக்கு 'உனக்கு என்ன குறை?' என்ற கேள்வி கூடுதல் பாரம்.

ஆண்களின் எண் குறைவாக இருப்பதிலும் எனக்கு முழு நம்பிக்கை இல்லை. அதே தேசியக் கணக்கெடுப்பில் மதுப் பழக்கத்தால் பாதிக்கப்பட்ட பெரியவர்கள் நூற்றுக்கு 4.6 பேர், பெரும்பாலும் ஆண்கள். அவர்களில் சிலருக்குக் குடிக்கு முன்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லா எண்களையும்விட என்னை உட்காரவைத்த எண் வேறு. அந்தக் கணக்கெடுப்பில் கடுமையான மனச்சோர்வு இருந்தவர்களில் நூற்றுக்கு 85 பேர் சிகிச்சையில் இல்லை. நமது 3,100 பேரில் 2,600க்கும் மேற்பட்டவர்கள் மாத்திரையோ ஆலோசனையோ இல்லாமல் அப்படியே நடமாடிக்கொண்டிருக்கிறார்கள். கால் உடைந்தவர்களில் 85 விழுக்காட்டினர் கட்டுப் போடாமல் நடந்தால் ஊர் சும்மா இருக்குமா?

சிகிச்சை பலன் தருமா என்ற சந்தேகம்தான் பலருக்கும். கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த ஓர் ஆய்வு 2017இல் வெளியானது. ஓரளவு கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான கவனிப்போடு, மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு முறை சந்தித்துப் பேசினார்கள். பெரிய தத்துவம் எதுவும் இல்லை: விட்டுப்போன வேலைகளில் சிறியதாக ஒன்றை மறுபடி தொடங்கவைப்பது, நாளை அதற்கேற்பத் திட்டமிடுவது, குறுக்கே நிற்கும் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது. மூன்று மாதத்தில் அவர்களில் 64 விழுக்காட்டினர் நோயின் பிடியிலிருந்து விடுபட்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் இது 39. ஆலோசகர்கள் நம்மைப் போன்றவர்கள்தாம் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் அவர்களுக்குப் பயிற்சியும் மேற்பார்வையும் இருந்தன. அது இல்லாமல் நாம் ஆலோசகர் வேடம் போடக் கூடாது.

மருந்தைப் பற்றியும் இரண்டு வரி. மனச்சோர்வு மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் இல்லை. பழக்கத்துக்கு அடிமையாக்குபவையும் இல்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றும் ஆகவில்லையே என்று நிறுத்துபவர்களும், கொஞ்சம் தேறியதும் தாமாகவே நிறுத்துபவர்களும் உண்டு. தேறிய பிறகும் சில மாதங்கள் தொடர வேண்டும், நிறுத்துவதை மருத்துவர் சொல்ல வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே அசதியைக் கொடுக்கும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள்.

அந்தத் தறிக்காரர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனார். 'உங்களுக்கு மனச்சோர்வு' என்று நான் சொல்லவில்லை. பெயர் வைப்பது என் வேலை இல்லை. "இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் வேலையும் கெட்டிருந்தால் அதற்கென்றே டாக்டர் இருக்கிறார், சக்கரைக்குப் போவது மாதிரிதான்" என்று மட்டும் அந்த அம்மாவிடம் சொன்னேன். சித்திரையில் அவர் தறியில் உட்கார்ந்தார். கோர்வை இல்லை, ஆள் துணை தேவைப்படாத எளிய சேலை. மகள் திங்கட்கிழமைகளில் வருகிறாள், எல்லாத் திங்களும் இல்லை.

இந்தக் கணக்கு நம் ஆசிரியர் ஓய்வறைக்கும் பொருந்தும். இருபது ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், வாழ்நாளில் ஒருமுறையேனும் மனச்சோர்வு வந்தவர் ஒருவர் இருக்க வேண்டும். யார் என்று தெரியாது, ஏனென்றால் மருத்துவ விடுப்பு விண்ணப்பத்தில் நாம் முதுகுவலி என்று எழுதுகிறோம். விடைத்தாள் கட்டு மேசையில் கிடக்க, மூன்று வாரமாகத் தொட முடியாமல் இருப்பவரைச் சோம்பேறி என்று சொல்வது எளிது. நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவர் இரண்டு வாரத்தில் மாறிப்போனால், அந்த மாற்றம்தான் கவனிக்க வேண்டியது. மூத்த ஆசிரியர் ஒருவர் தனியே அழைத்து, 'கொஞ்ச நாளாகச் சரியில்லையே சார், தூக்கம் எப்படி இருக்கிறது?' என்று கேட்டால் போதும். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்டால் பெரும்பாலும் ஆறுதலே. 'ஆம்' என்றால் அவரைத் தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவின்படி, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன நெருக்கடியில் இருந்தார் என்றே கருதப்படுவார். தண்டனைக்கு அஞ்சி மறைக்க வேண்டியதில்லை.

தொலைபேசியில் பேசுவதற்கு 14416 என்ற எண் இருக்கிறது. டெலி மானஸ் என்ற பெயரில் 2022 அக்டோபரில் தொடங்கப்பட்டது. கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். மாநில அரசின் 104 எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும். எங்கள் பள்ளியில் 14416ஐ ஓய்வறைக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அறிவிப்புப் பலகையில் ஒட்டினால், யார் நின்று குறித்துக்கொள்கிறார் என்று எல்லாரும் பார்ப்பார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் அடுத்த கூட்டம் ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வருகிறது. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கால் மணி நேரம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். அழைப்பிதழில் மனநலம் என்ற சொல்லைப் போடவில்லை. 'தூக்கமும் அசதியும்' என்று போட்டிருக்கிறோம்.